பூனைக்கு ஒரு மறுப்பு

ஈரோட்டுப் பக்கம் கோபியில், சுகன்யா வீட்டுக் கூடத்தில் இனி ஆணி அடிக்க இடமில்லை. அவள் கணவன் தாமோதரனுக்கு ஒரு மறுப்பு, மகளுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, நாய்க்குக்கூட ஒன்று என்று சிவப்புக் கரை போட்ட ஆணைகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் வரிசையாகத் தொங்கின. அன்றைக்குப் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. கல்யாணமான கையோடு மருமகப்பிள்ளை, தன் மனைவிக்கு ஆகும் சோறு துணிச் செலவையெல்லாம் தொழில் செலவு என்று காட்டி வரிக்கழிவு கேட்டிருந்தான். "முடியாது, இது பாசம்" என்று வரி மண்டபம் அடித்துச் சொல்லிவிட்டது. அதற்குத்தான் இந்தப் பந்தல், விருந்து, பாயசம் எல்லாம்.

சுகன்யாவின் அண்ணன் நாச்சிமுத்து கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். அறுபதை நெருங்குகிறார், கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து இலையில் தாமோதரனின் பெரியப்பா. அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏனுங் மாப்ள, உங்களுக்கு எத்தனை மறுப்பு?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்."

"ஒண்ணுகூடவா?"

"எல்லாமே அனுமதி ஆயிருதுங்."

பெரியப்பா குனிந்து தன் இலையையே பார்க்கத் தொடங்கினார். எதிர்வரிசையில் ஒரு பெண்மணி "அச்சச்சோ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சுகன்யா ஓடிவந்து அண்ணன் இலையில் இன்னொரு கரண்டி பாயசத்தை ஊற்றிவிட்டுப் போனாள். அதை விழுங்குவதற்குள் நாச்சிமுத்துவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இதெல்லாம் நாயில் தொடங்கிய கூத்து. முன்பெல்லாம் வசதியுள்ளவர்கள், வீட்டில் மெத்தையில் தூங்கும் நாயைக் கடைக்குக் காவல் நாய் என்று கணக்கில் எழுதி, அதன் சோறு, சோப்பு, வைத்தியம் அத்தனைக்கும் வரிக்கழிவு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பிடிக்க வந்ததுதான் பாசமானி. உளுந்து அளவில் இரண்டு வில்லைகள். ஒன்று பிராணியின் கழுத்தில், ஒன்று உடையவரின் மணிக்கட்டில். முதல் இரண்டு நாள் அது அவரவர் அன்றாட வேலையிலேயே கூடவே இருந்து, இந்த உடம்புக்குப் பயம் இப்படி, கோபம் இப்படி, பசி இப்படி என்று படித்துக்கொள்ளும். அப்புறம் பதினைந்து நாள், ஒரு பட்சம் முழுக்க, ஒருவர் அருகில் ஒருவர் வரும்போது இரண்டு நெஞ்சும் எப்படி அடிக்கிறது, ரத்தத்தில் என்ன சுரக்கிறது, மூச்சு எப்படித் தணிகிறது என்று அளக்கும். கடைசியில் வரிமதி என்கிற இயந்திர மூளை தீர்ப்புச் சொல்லும். இரண்டில் எந்தப் பக்கம் பாசம் தெரிந்தாலும் அது வளர்ப்புப் பிராணி, சொந்தச் செலவு, சிவப்பு மறுப்பு. தெரியாவிட்டால் அது வேலை செய்கிற பிராணி, தொழில் செலவு, பச்சை அனுமதி.

மறுப்பு வாங்கியவர்கள் முதலில் கத்தத்தான் செய்தார்கள். அப்புறம் எந்த மகராசனோ யோசித்தான்: என் நாய் என்மேல் உயிரையே வைத்திருக்கிறது என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறதே! அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினான். பார்த்தவனுக்குப் பொறுக்குமா? பெண்டாட்டியை ஆலோசகராகக் காட்டிக் கழிவு கேட்டான் ஒருவன். அப்பாவைக் காவலாளியாகக் காட்டினாள் ஒருத்தி. தொழிலே இல்லாதவர்கள் இதற்கென்று பெயருக்கு ஒரு தொழிலைப் பதிந்துகொண்டார்கள். கழிவு கேட்பதே மறுக்கப்படுவதற்குத்தான் என்று ஆகிப்போனது. பச்சை வந்த வீட்டில் பெண் எடுக்கவும் தயங்கினார்கள், கொடுக்கவும் தயங்கினார்கள்.

நாச்சிமுத்துவின் வாழ்க்கையோ மொத்தமும் பச்சை. கஞ்சன் என்று சொல்லிவிட முடியாது. செலவழிப்பார், ஆனால் எதையும் தனக்கென்று செலவழிக்க மாட்டார். குடியிருப்பது மண்டியின் மாடி, அது அலுவலகம். சாப்பாடு பணியாளர் நலன். தங்கை மகள் கல்யாணத்துக்கு வைத்த மொய் வியாபார விளம்பரம். இன்றைக்கு விருந்துக்கு வந்ததுகூட, வழியில் ஒரு விவசாயியைப் பார்த்துவிட்டு வந்ததால், கொள்முதல் பயணம். மற்ற வியாபாரிகளுக்குக் கணக்கில் சொந்தச் செலவு என்று ஒரு தலைப்பு ஓடும். இவருக்கு அது வருஷா வருஷம் வெறுமையாகவே கிடக்கும், அதில் அவருக்கு அத்தனை பெருமை. இளவயதில் பெண் பார்க்கப் போன பயணத்தையும் சந்தை ஆய்வு என்றுதான் எழுதினார். அந்தச் சங்கதி பெண் வீட்டார் காதுக்கு எட்டி, பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோனது. சிரிக்காதீர்கள், அந்தப் பெண்ணின் பெயரை அவர் இன்னும் மறக்கவில்லை.

மண்டியில் அவரோடு இருப்பது ஒரு பூனை. எலி மஞ்சளைத் தின்னாது, ஆனால் சாக்கைக் கடித்துக் கூடு கட்டும். ஓர் ஓட்டை விழுந்தால் போதும், மூட்டையில் பாதி தரைக்கு வந்துவிடும். அதனால் அங்கே மண்டிக்கு மண்டி பூனை உண்டு. இது பிறவியில் வெள்ளை. மஞ்சள் தூசி ஏறி ஏறி, வெள்ளை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பெயர் கிடையாது. "பேரு வெச்சீங்கன்னா வளர்ப்புன்னு சொல்லிருவாங்கண்ணா" என்று ஆடிட்டர் சம்யுக்தா எப்போதோ சொன்னதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். தொட்டதும் இல்லை. பாலைக்கூட எடைமேடை ஓரத்தில் ஓர் எந்திரக் குழாய்தான் ஊற்றும். பழைய விதிப்படி பூனைக்குக் கழிவு கிடைத்துக்கொண்டிருந்தது. பாசமானி வந்த பிறகு அதைச் சோதனைக்கு அனுப்பவேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

விருந்துக்குப் போய்வந்த மறுநாள் காலையில் சம்யுக்தாவைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, நம்ம பூனைக்குப் பாசமானி போடோணும்."

"எதுக்குங்ண்ணா? பழைய அனுமதியே ஓடிட்டு இருக்குது. நாமளாப் போயித் தலையைக் குடுக்கறதா? மறுத்துட்டாங்கன்னா கழிவு போயிருமே."

"போகட்டும்."

"அண்ணா?"

"மறுக்கட்டும்னுதான் அம்மிணி கேக்கறேன்."

ஊரில் பாதிப் பேருக்கு மறுப்பு வாங்கிக் கொடுத்தவள் அவள். இந்த மனுஷன் ஒருநாள் இப்படி வந்து கேட்பார் என்று மட்டும் அவள் நினைத்ததில்லை. "சரிங்ண்ணா, போட்டுரலாம்" என்றாள். அவள் குரல் இளகிப்போனது அவருக்குக் கூச்சமாக இருந்தது, உடனே மஞ்சள் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

வரி மண்டபத்து ஆள் வந்து பூனைக்கும் அவருக்கும் வில்லை மாட்டிவிட்டுப் போனான். முதல் இரண்டு நாள் வழக்கம்போல ஏலத்துக்குப் போனார், வந்தார். அதற்கடுத்த காலையில் பூனைக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். என்ன பேசுவது? "எப்புடி இருக்கறே?" என்றார். பூனை ஒரு காதைத் திருப்பியதோடு சரி. பெயர் வைக்கலாம் என்று பார்த்தார். வாய்க்கு வந்ததெல்லாம் மஞ்சள் ரகங்களின் பெயர். பால் குழாயை நிறுத்திவிட்டுத் தன் கையால் ஊற்றினார். ஆற்றுக் கெண்டை வாங்கிவந்து, வேகவைத்து, முள் எடுத்து வைத்தார். பூனை தின்றது, வாயை நக்கியது, மூட்டைகளுக்கு நடுவே போய்விட்டது. ஒருநாள் அதன் முதுகைத் தொடப் போனார். அது உடம்பைத் தரையோடு அழுத்தி, கைக்கு அடியிலிருந்து நழுவிக்கொண்டது. ஒரு கீறு கீறியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

தனியாகவே இருந்து பழகியவருக்குத் தனிமை உறைக்காது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியெல்லாம் இல்லை. இத்தனை வருஷம் அவருக்கு உறைக்காததற்குக் காரணம், எவரும் வரவேண்டும் என்று அவர் காத்திருக்காததுதான். இப்போது காத்திருக்க ஆரம்பித்துவிட்டார். மாடிக்கு ஏறும்போது பின்னால் மெத்தென்று காலடி கேட்கிறதா என்று நின்று பார்ப்பார். கேட்காது. சோற்றைப் போட்டு உட்கார்ந்தால் எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே கை நின்றுவிடும். பாழாய்ப்போன விருந்துக்குப் போகாமலே இருந்திருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பட்சம் முடியப்போகிற சமயத்தில் ஒரு மத்தியானம் மழை பிடித்துக் கொட்டியது. அன்றைக்கு ஏலம் இல்லை, ஆள் அரவம் இல்லை. நாச்சிமுத்து ஒரு மூட்டையில் சாய்ந்து தரையில் காலை நீட்டியிருந்தார். பூனை வந்தது. அவரைச் சுற்றிப் போகாமல், நேராக வந்து, அவர் தொடையை ஒட்டி முன்கால்களை மடக்கி உட்கார்ந்தது.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வேட்டித் துணி வழியாகச் சூடு தெரிந்தது. கால் மரத்துப்போனது, அசைக்கவில்லை. அலைபேசி அடித்தது. பல நாளாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெரிய ஏற்றுமதிக்காரர். எடுக்கவில்லை, போனால் போகிறது. மழை விட்ட பிறகும் அது அங்கேயே இருந்தது. நாச்சிமுத்துவுக்குக் கண்ணில் நீர் முட்டி வழிந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கினால் பூனை போய்விடுமோ என்று அப்படியே விட்டுவிட்டார்.

அவருக்கு இனி சந்தேகமே இல்லை. தீர்ப்பு வரட்டும் என்று இருந்தார்.

தீர்ப்புக்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. நிதி அமைச்சர் எல்லார் வீட்டுத் திரையிலும் தோன்றினார், கைகூப்பினார். "நம் மக்களிடம் இத்தனை பாசம் இருக்கிறது என்பது அரசுக்கு இப்போதுதான் ஆதாரத்தோடு தெரியவந்திருக்கிறது. நிலம் வைத்திருப்பவர் வரி கட்டுகிறார். நகை வைத்திருப்பவர் கட்டுகிறார். சுவரில் மாட்டி வைத்துக் கொண்டாடுகிற இதுவும் உடைமைதானே? அதுவும் எல்லோருக்கும் வாய்க்காத உடைமை" என்றார். சிவப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று பாச வரி, வருஷம் தவறாமல். வேண்டாதவர்கள் மறுசோதனைக்கு வந்து பச்சை வாங்கிக்கொண்டு போகலாம்.

அடேயப்பா, அப்புறம் பார்க்க வேண்டுமே! கூடத்துச் சட்டங்களெல்லாம் கழன்று பரணுக்குப் போயின. மறுசோதனைக்கு ஆள் மேல் ஆள் விழுந்தது. பாசமானியிடம் நடிப்புப் பலிக்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே நிஜமாகவே பாசத்தைக் குறைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். புருஷன் மாடியில், பெண்டாட்டி கீழே. பிள்ளைகள் விடுதியில். எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது, பிறந்தநாளை மறப்பது, காய்ச்சல் என்றால் எட்டிப் பார்க்காமல் இருப்பது. பச்சை வாங்கியவர்கள்கூடத் திரும்பச் சேரப் பயந்தார்கள். எப்போது வந்து அளப்பார்களோ, யாருக்குத் தெரியும்?

சுகன்யா கூப்பிட்டாள்.

"ண்ணா, இங்க யாரும் யாருகூடவும் பேசறதில்லை. அவரு வூட்டை விட்டுட்டுத் தோட்டத்துச் சாளையில தனியா இருக்கறாரு. பச்சை வந்து நாளாச்சு, ஆனாலும் வரலை. பழகிருச்சுங்கறாரு. நீயும் இப்பத்திக்கு இந்தப் பக்கம் வராதண்ணா."

"நாம ரெண்டு பேரும் எதுவும் பதியலையே கண்ணு."

"பதியலைதான். எதுக்கு வம்புன்னு சொல்றேன்." வைக்கப் போனவள் மறுபடி சொன்னாள்: "நீதாண்ணா கெட்டிக்காரன். ஒண்ணையும் சேத்து வெச்சுக்கலை."

அவள் மனசறிந்துதான் சொன்னாளா, வயிற்றெரிச்சலில் சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளும் உடனே வைத்துவிட்டாள்.

அடுத்தது சம்யுக்தா. "அண்ணா, பூனைக்கு இன்னும் தீர்ப்பு வரலை. இப்பவே வாபஸ் வாங்கிரலாம். சிவப்பு வந்துருச்சுன்னா வருஷா வருஷம் தண்டம்."

"கட்டிர்றேன் அம்மிணி."

"விளையாடறீங்களா? நானே எங்க வூட்டுக்காரரு பேருல இருந்ததுக்கு மறுசோதனை போட்டுட்டேன். ஒரே வூட்டுல அடுத்தாளாட்டம் நடமாடிட்டு இருக்கறோம்."

"உனக்கு வேற செலவு இருக்கும். நான் இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒரு செலவும் பண்ணுனதில்லை. இது ஒண்ணு இருக்கட்டும்."

அவள் வாபஸ் மனுவைப் போடாமல் விட்டுவிட்டாள்.

தீர்ப்பு தயார் என்று செய்தி வந்த அன்று, அவர் விடிந்ததும் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். பதற்றத்தில் காலைப் பலகாரம்கூட இறங்கவில்லை. தானோடி வண்டி வரி மண்டபத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே நின்றுவிட்டது. மறுசோதனைக்கு நிற்கிற வரிசை அதுவரை வந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், யாரும் யாரையும் பார்க்காமல் நின்றார்கள். உள்ளே பாச வரி செலுத்துமிடத்தில் ஈ காக்கை இல்லை. அங்கே உட்கார்ந்திருந்த இளம் பெண் அதிகாரி கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினாள்.

"கட்ட வந்தீங்களா? நெசமாவா?"

"ஆமாங் அம்மிணி. மஞ்சள் மண்டி நாச்சிமுத்து. ஒரு பூனை."

அவள் திரையைத் தொட்டாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "பச்சைங்க! பூனைச் செலவு பூராவும் தொழில் செலவு. நீங்க ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

"இல்லீங்களே" என்றார் நாச்சிமுத்து. "மழை பேஞ்ச அன்னிக்கு அது எம்பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு. நல்லாப் பாருங்க."

அவள் மழை நாளின் பதிவை எடுத்துப் படித்தாள். "ஆமாங்க, இருந்திருக்குது. நீங்க சாஞ்சிருந்தீங்களே, அந்த மூட்டைக்குப் பின்னால எலி இருந்திருக்குதுங்க. பூனை நெஞ்சு அடிச்சது வேட்டைக்குப் பதுங்கியிருக்கற அடி. அன்னிக்கு மத்தியானம் முழுக்கப் பணி நேரம்னு போட்டிருக்குது. நல்ல பூனைங்க" என்று பாராட்டாகவே சொன்னாள்.

"சரிங்க. அதுக்கு இல்லைன்னாப் போகட்டும். எனக்கு இருந்துச்சே? ரெண்டுல ஒரு பக்கம் இருந்தாப் போதும்னுதானே விதி? நான் அழுதேனுங்க அம்மிணி."

அவள் மறுபடி படித்தாள். இந்த முறை உடனே நிமிரவில்லை.

"உங்க பக்கமும் அளந்திருக்குதுங்க. முதல் ரெண்டு நாள்ல நீங்க ஏலத்துல விலை கேட்டுட்டுக் காத்திருந்தப்ப உங்க நெஞ்சு எப்புடி அடிச்சுதோ, அன்னிக்கும் அப்புடியேதான் அடிச்சிருக்குது. துளி மாத்தமில்லை. கெடைக்குமா, கெடைக்காதாங்கற எதிர்பார்ப்பு. கண்ணுல தண்ணி வந்ததையும் குறிச்சிருக்குது. சரக்கு வெலை படிஞ்ச நிறைவுன்னு."

வேறு எப்படி அடிக்கும் ஐயா? அந்த நெஞ்சுக்குத் தெரிந்தது அந்த ஓர் அடிதானே. வேறு எதற்காகவும் அடிக்க அவர் அதைப் பழக்கவில்லையே. அன்றைக்குத் தனக்குள் வந்தது பாசம்தானா, இல்லை இந்தப் பெண் சொல்வதுதானா என்று யோசித்துப் பார்த்தார். அவருக்கே தெரியவில்லை. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

கொண்டுவந்த பணத்தை அவள் முன்னால் தள்ளினார். "இருக்கட்டும், வாங்கிக்குங்க. தப்பா வந்துருச்சுன்னு சிவப்பா மாத்திக் குடுத்துருங்க."

"வரி இல்லாதவங்ககிட்ட வாங்கறதுக்கு எனக்கு அதிகாரமில்லீங்க." அவள் பணத்தைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினாள், குரலைத் தாழ்த்தினாள். "குடுத்து வெச்சவருங்க நீங்க. வெளிய நிக்கறவங்கெல்லாம் இதுக்குத்தான் தவங் கெடக்கறாங்க."

அவர் படியிறங்குவதற்குள் சேதி வெளியே பரவிவிட்டது. முதல் சோதனையிலேயே இரண்டு பக்கமும் பச்சை! வரிசை கலைந்து ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் ஓர் இளம் தம்பதி. கஷ்டப்பட்டுத் தள்ளித் தள்ளி நின்றார்கள், ஆனால் கூட்டம் நெருக்கும்போதெல்லாம் அவன் கை தானாக அவளுக்குக் குறுக்கே போய் மறைத்தது.

"அண்ணா, நாங்க எத்தனை தடவை வந்தும் சிவப்பே வருதுங்ண்ணா" என்றான் அவன். "கட்டி மாளலை. நீங்க எப்புடிச் சாதிச்சீங்க? எங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

இதுநாள்வரை யாரும் நாச்சிமுத்துவிடம் மஞ்சள் விலையைத் தவிர வேறு எதற்கும் யோசனை கேட்டதில்லை. சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தார். இத்தனை முகங்கள் தன்னையே பார்க்கும்போது வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"ஒருத்தரை ஒருத்தரு சாப்டாச்சான்னு கேக்காதீங்க" என்றார்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான். மத்ததெல்லாம் தன்னால வந்துரும்."

கூட்டத்தில் அது ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் மட்டும் இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயில் ஏறியிருந்தது.

"என்னங்ண்ணா, முகமெல்லாம் இப்புடி வாடிக் கெடக்குது? நீங்க மொதல்ல சாப்…"

கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவள் முழுதாகக் கேட்பாள் என்று நாச்சிமுத்து படியிலேயே கொஞ்ச நேரம் நின்றார். அவள் கேட்கவில்லை.